தேர்வு அன்று இது!

'ஆய்வுக்கூடம்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவன எவை? சோதனைக் குழாய்களும், குடுவைகளும், அமில நெடியும்தாம். கலைப்பிரிவு மாணவர்க்கு அது சன்னல் வழியே எட்டிப் பார்க்கும் இடமே அன்றி உள்ளே நுழையும் இடம் அன்று. அப்படியிருக்க, தமிழ் இலக்கியம் படித்த ஒருவன் இரண்டரை ஆண்டுக் காலம் ஓர் ஆய்வுக்கூடத்தின் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தான் என்றால் நம்புவீர்களா? அந்த ஒருவன் நானே.

இளங்கலைத் தமிழை நம் கல்லூரியிலும், முதுகலை மொழியியலை வெளியிலும் முடித்த பின், ஒரு பல்கலைக்கழகத்தில் மொழியையும் அறிதலையும் ஆராயும் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பணி ஆணையில் 'திட்ட உதவியாளர்' என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். ஆனால் பேராசிரியர் முதல் கூட்டிப் பெருக்கும் அம்மா வரை எல்லாரும் என்னை 'லேப் மேனேஜர்' என்றே அழைத்தனர். இப்போது முனைவர் பட்ட ஆய்வாளனாக மீண்டும் நம் கல்லூரிக்கே வந்துவிட்டேன். "அங்கே அப்படி என்னதான் செய்தீர்கள்?" என்று வகுப்புத் தோழர்களும் ஆசிரியர் பெருமக்களும் கேட்கும்போதெல்லாம் இரண்டு வரியில் விடை சொல்ல இயலாமல் விழிப்பேன். அந்த விடையைச் சற்று விரித்துச் சொல்லவே இக்கட்டுரை.

மனிதன் எவ்வாறு காண்கிறான், கேட்கிறான், நினைவில் கொள்கிறான், பேசுகிறான், பேசுவதைப் புரிந்துகொள்கிறான் என்று ஆராயும் துறையே அறிதல் அறிவியல். உளவியல், மொழியியல், மூளையியல், கணிப்பொறியியல், தத்துவம் ஆகிய பல ஆறுகள் வந்து கலக்கும் கடல் அது. கடல் புதிது, ஆறுகள் பழையன. ஒரு விளக்கைக் கண்டதும் கையசைக்க ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, அதிலிருந்து மனத்தின் வேலையைக் கணக்கிடலாம் என்று காட்டியவர் ஹாலந்து நாட்டு டாண்டர்ஸ். அது 1868 ஆம் ஆண்டில். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென்று ஆய்வுக்கூடம் அமைத்தது 1879 இல். நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916 ஆம் ஆண்டிலேயே உளவியல் துறை தோன்றிவிட்டது. அடுத்து 1924 இல் மைசூரில் தோன்றியது. ஆகவே இது நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த துறை அன்று.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் குடுவையும் இல்லை, நெடியும் இல்லை. மூன்றே அறைகள். ஓர் அறையில் கண்ணசைவை அளக்கும் கருவி. நாம் படிக்கும்போது கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போகிறது என்று எண்ணுகிறோம். உண்மையில் அது தத்தித் தத்திச் செல்கிறது; ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் வினாடி நிற்கிறது; பிறகு தாவுகிறது. அக்கருவி வினாடிக்கு ஆயிரம் முறை கண்ணின் இருப்பிடத்தைப் பதிவு செய்யும். அடுத்த அறையில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் தொப்பி. மூன்றாவது அறையில் ஒரு மேசை, ஒரு கணிப்பொறி, ஓர் ஒலிவாங்கி, இரண்டு இரும்புப் பீரோக்கள். ஆய்வுக்கு வருவோரின் பெயரும் ஊரும் ஒரு பீரோவில். அவர்கள் தந்த விடைகள் வெறும் எண்களின் கீழ் மற்றொன்றில். இரண்டு பீரோக்களின் சாவியும் என்னிடம்.

என் வேலை இன்னது என்று பட்டியலிட்டால் சிரிப்பு வரும். காலையில் கருவிகளைச் சரிபார்க்க வேண்டும். மின்தடை வந்தால் யு.பி.எஸ். தாங்குமா என்று பார்க்க வேண்டும். மின்விசிறி ஓடினால் ஒலிப்பதிவு கெடும். நிறுத்தினால் வந்தவர் வியர்த்துக் கொட்டுவார். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி காண வேண்டும். மூளை அலைகளோடு நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கலந்துகொள்ளும். எந்தக் கம்பி வழியே அது நுழைகிறது என்று துப்பறிய வேண்டும். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். வந்தவர்க்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்து ரசீதில் கையொப்பம் வாங்க வேண்டும். நிதியாண்டு முடிவதற்குள் பயன்பாட்டுச் சான்றிதழுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். புதிதாகச் சேரும் மாணவர்க்கு இவை அனைத்தையும் கற்றுத்தர வேண்டும்.

இவற்றோடு நம் மண்ணுக்கே உரிய சில சிக்கல்களும் உண்டு. மின்னலைத் தொப்பி அணிவதற்குத் தலையில் எண்ணெய் இருத்தல் ஆகாது. எண்ணெய் இருந்தால் தோலுக்கும் மின்முனைக்கும் நல்ல தொடர்பு கிடைக்காது. "நாளைக்கு வரும்போது தலைக்கு எண்ணெய் வைக்காம வாங்கம்மா" என்று தொலைபேசியில் சொன்னால், "எண்ணெய் வைக்காம வெளிய எப்படிங்க வர்றது? துக்க வீடா என்ன?" என்ற கேள்வி வரும். கண் கருவிக்கோ மை ஆகாது. அடர்ந்த மையைக் கருவி சில வேளை கண்மணி என்று எண்ணிவிடும். கண்ணுக்கு மையும் கூந்தலுக்கு எண்ணெயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கருவி தலையின் அசைவைத் தொடர்வதற்காக நெற்றியில் ஓர் ஒட்டுவில்லையை நாங்களே ஒட்டுவோம். "இது என்னங்க, பொட்டா?" என்று கேட்டுச் சிரிக்காத பெண்கள் இல்லை.

சிரிப்பு இருக்கட்டும். இந்த வேலையில் என்னை உறங்கவிடாமல் செய்த ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு முன்னுரை.

எங்கள் ஆய்வுகளுள் ஒன்று, பேச்சில் சொற்கள் மனத்திலிருந்து எவ்வளவு விரைவாக எழுகின்றன என்பது பற்றியது. திரையில் ஒரு படம் தோன்றும். பார்ப்பவர் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். பழகிய படம் என்றால் ஒரு வினாடிக்குள் விடை வந்துவிடும். இவ்வகை ஆய்வுகளுக்கு உலகெங்கும் பயன்பட்ட ஒரு படத்தொகுதி உண்டு. 1980 இல் ஸ்நாட்கிராஸ், வாண்டர்வார்ட் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட 260 கோட்டுப்படங்கள் அவை. பனிமனிதன், பனிச்சறுக்கு வண்டி, கைவிரல் சேர்ந்த கம்பளியுறை, ஆர்டிசோக் என்னும் காய் ஆகியன அத்தொகுதியில் உள்ளன. கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த பெரியவரிடம் ஆர்டிசோக் படத்தைக் காட்டினால் அவர் என்ன சொல்வார்? "தாமரை மொக்குங்களா?" என்பார். தவறு யாருடையது? அவருடையதா, படத்தினுடையதா?

ஆகவே நம் ஊர்ப் படங்களை வரைவித்தோம். அம்மி, உரல், முறம், தூக்குப்போசி என்று ஒரு தொகுதி உருவாயிற்று. சிக்கல் தீர்ந்தது என்று எண்ணினோம். அங்கேதான் அடுத்த சிக்கல் காத்திருந்தது. வீடு கூட்டும் பொருளின் படத்தைக் காட்டினோம். ஒருவர் 'துடைப்பம்' என்றார். ஒருவர் 'விளக்குமாறு' என்றார். தென்பாண்டிக்காரர் 'வாரியல்' என்றார். உள்ளூர்க்காரர் 'சீமாறு' என்றார். கணிப்பொறிக்குக் கொடுத்திருந்த விடைப்பட்டியலிலோ 'துடைப்பம்' ஒன்றே இருந்தது. மற்ற மூவர்க்கும் நேராகச் சிவப்பு எழுத்தில் 'பிழை' என்று விழுந்தது!

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். தன் தாய் சொல்லித் தந்த சொல்லை ஒருவர் தயக்கமின்றி, முக்கால் வினாடியில் சொல்கிறார். அதற்கு நாம் இடும் மதிப்பெண் சுழியம். இத்தகைய சுழியங்கள் பத்து, இருபது என்று சேர்ந்தால், ஆய்வேட்டில் "பள்ளிப்படிப்புக் குறைந்தவர்கள் மிகுதியான பிழைகள் செய்தனர்" என்ற ஒரு வாக்கியம் பிறக்கும். அந்த வாக்கியத்தை வேறொருவர் மேற்கோள் காட்டுவார். பிறகு அது 'அறிவியல் உண்மை' ஆகிவிடும். ஒரு சீமாற்றுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய அநீதி ஒளிந்திருக்கக்கூடும்!

பேராசிரியரிடம் சென்று சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "முதலில் படங்களுக்கு ஊரார் பெயர் வைக்கட்டும், அதன் பிறகு நாம் அளப்போம்" என்றார். விரைவை அளக்காமல், பிழை என்று எதையும் ஒதுக்காமல், பல ஊர் மக்களிடம் படங்களைக் காட்டி அவர்கள் சொன்ன பெயர்களையெல்லாம் எழுதிக்கொண்டோம். எப்படம் எல்லார்க்கும் ஒரே பெயருடையது, எப்படம் பல பெயருடையது என்று தெளிந்தோம். அதற்கு மூன்று மாதம் பிடித்தது. அம்மூன்று மாதமும் எங்கள் ஆய்வு மாணவி ஒருவரின் பட்டக் காலத்திலிருந்து கழிந்தது. அவர் முகம் வாடியதைக் கண்டேன். ஆயினும் வேறு வழி இல்லை.

படங்களைத் திருத்தினோம்; அச்சத்தைத் திருத்துவது எப்படி? விசைத்தறி ஓட்டும் நண்பர் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நாற்காலியின் நுனியில் அமர்ந்து, கைகட்டிக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து விடை சொன்னார். முடிந்ததும் எழுந்து நின்று, "நான் பாஸுங்களா சார்?" என்று கேட்டார். இதில் பாஸ், பெயில் எதுவும் இல்லை என்றேன். அவர் விடவில்லை. "அப்புறம் எதுக்குங்க கேட்டீங்க?" என்றார்.

அந்தக் கேள்வியின் ஆழம் அன்றிரவுதான் எனக்கு விளங்கிற்று. நம் நாட்டில் ஒருவர் மேசைக்கு அப்பால் அமர்ந்து கேள்வி கேட்டால், அவருக்கு விடை முன்பே தெரியும் என்பது பொருள். ஆசிரியர் கேட்கிறார், அதிகாரி கேட்கிறார், நாம் சொல்வது அவர் மனத்தில் உள்ளதோடு பொருந்தினால் பிழைத்தோம். விடை தெரியாதவர்தாம் கேள்வி கேட்பார் என்னும் எளிய உலக வழக்கைப் பள்ளிக்கூடமும் அலுவலகமும் தலைகீழாக்கிவிட்டன. எங்கள் ஆய்வுக்கூடமோ உண்மையாகவே விடை தெரியாமல் கேட்கும் இடம். ஆனால் அதை நாங்கள் சொல்லாதவரை வந்தவர்க்கு எப்படித் தெரியும்?

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த சிக்கல் அன்று. சோவியத் உளவியலாளர் லூரியா 1931, 1932 ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் சிற்றூர்களில் எழுத்தறியாத உழவர்களிடம் ஒரு புதிர் கேட்டார். பனி மிகுந்த வடகோடியில் கரடிகள் எல்லாம் வெள்ளை. இன்ன ஊர் வடகோடியில் உள்ளது. அங்குள்ள கரடியின் நிறம் என்ன? தாம் அங்கே சென்றதில்லை என்றும், சென்று பார்த்தவரைக் கேட்க வேண்டும் என்றும் உழவர் சிலர் சொல்லிவிட்டனர். இதை 'தருக்கம் அறியாமை' என்று கொள்ளலாம். காணாததைக் கண்டதாகச் சொல்ல மறுக்கும் நேர்மை என்றும் கொள்ளலாம் அன்றோ? பின்னர் ஸ்க்ரிப்னர், கோல் என்னும் இருவர் ஆப்பிரிக்காவின் லைபீரிய நாட்டில் வை மக்களிடம் ஆய்வு செய்து 1981 இல் நூலாக வெளியிட்டனர். அம்மக்களுக்குத் தமக்கென ஓர் எழுத்து உண்டு. அதைப் பள்ளிக்குப் போகாமலே கற்றுக்கொள்கிறார்கள். அவ்வெழுத்தை அறிந்திருப்பது இத்தகைய தருக்கப் புதிர்களில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. வேறுபாட்டை உண்டாக்கியது பள்ளிப்படிப்பு. தேர்வுக் கேள்விக்கு விடை சொல்லும் முறையும் பள்ளியில் கற்கும் ஒரு பழக்கமே என்பது இதிலிருந்து நான் பெற்ற பாடம். பழக்கம் இல்லாதவரை அறிவு இல்லாதவர் என்று சொல்லிவிடக் கூடாது.

பச்சைக் குழந்தைக்கு இந்த அச்சம் இல்லை. 1984 இல் வெர்க்கர், டீஸ் என்னும் இருவர் கனடாவில் கண்டதைப் படித்து வியந்திருக்கிறேன். ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், இந்தியில் வரும் 'த', 'ட' ஒலிகளின் வேறுபாட்டைச் செவிமடுத்துத் தலையைத் திருப்பின. பத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் அத்திறன் பெரிதும் மங்கிவிட்டது. வீட்டு மொழிக்குத் தேவையற்றதைச் செவி விட்டுவிட்டது. பேசத் தெரியாத குழந்தையிடம்கூட அறிவியல் கேள்வி கேட்டு விடை பெற்றுவிட்டது. ஏன்? குழந்தை எங்கள் முகத்தைப் பார்த்து விடை சொல்வதில்லை.

எனவே பெரியவர்களுக்கான அறிவுரைத் தாளை மாற்றி எழுதும் பணியை மேற்கொண்டேன். பழைய தாளில், "திரையில் தோன்றும் படத்தின் பெயரை இயன்றவரை விரைவாகவும் பிழையின்றியும் கூறவும்" என்று இருந்தது. நம் கல்லூரி வினாத்தாளை அப்படியே பெயர்த்து வைத்தது போன்ற வாக்கியம்! அதைக் கேட்ட கல்லூரி மாணவர்கள் சூரியன் படத்துக்குக் 'கதிரவன்' என்றும், வீட்டுக்கு 'இல்லம்' என்றும் மேடைத்தமிழில் முழங்கினர். கல்லூரி காணாதவர்களோ வாயடைத்துப் போயினர். புதிய தாள் பேச்சுத் தமிழில் அமைந்தது: "இதுல சரி தப்புன்னு எதுவும் இல்லீங்க. உங்க வீட்டுல இதை எப்படிச் சொல்லுவீங்களோ அப்படியே சொல்லுங்க. எங்களுக்குத் தெரியாததாலதான் உங்களைக் கேக்குறோம். எப்ப வேண்டாம்னு தோணுதோ அப்ப எந்திரிச்சுப் போயிடலாம்." தமிழ் படித்தவன் தமிழைக் கெடுத்துவிட்டான் என்று ஒருவர் கேலி செய்தார். தமிழால் ஒருவர் அச்சம் நீங்கும் என்றால் அதைவிடத் தமிழுக்கு வேறென்ன சிறப்பு?

கடைசி வரியைக் கவனியுங்கள். ஆய்வில் பங்கு கொள்பவர் எந்நேரமும் விலகலாம் என்பது வெறும் மரியாதைச் சொல் அன்று, உரிமை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017 இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இதை வலியுறுத்துகின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைந்நாட்டு வைக்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக உடனிருக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. விதியை ஏட்டில் படிப்பது எளிது. அது உயிர்பெற்று எழுந்து நம் முன் நிற்கும்போதுதான் அதன் எடை தெரியும்.

ஒரு மாலை, களை வெட்டிவிட்டு வந்த மூதாட்டி ஒருவர் ஆய்வுக்கு அமர்ந்தார். சிறப்பாகவே விடை சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் படங்கள் ஆனதும் சன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார். "சாமி, மாட்டுக்குப் பால் கறக்கோணுங்க. சொசைட்டிக்கு நேரமாச்சு. நான் போறனுங்க" என்று எழுந்துவிட்டார்.

எங்களுக்கு நாற்பது பேர் தேவை. அவர் முப்பத்தொன்றாமவர். பாதியில் நின்ற விடைகள் கணக்கில் சேரா. ஆய்வு மாணவி என்னை வெளியே அழைத்து, "அண்ணா, பத்தே நிமிஷம். நீங்க சொன்னா கேட்பாங்க. உட்காரச் சொல்லுங்கண்ணா" என்றார். அவர் சொன்னது உண்மைதான். நான் சொல்லியிருந்தால் அந்தப் பாட்டி அமர்ந்திருப்பார். சட்டை போட்டவன் சொல்லைத் தட்டி அவருக்குப் பழக்கம் இல்லை. அதனாலேயே நான் சொல்லவில்லை. மறுக்கத் தெரிந்தவரிடம் கேட்பது வேண்டுகோள். மறுக்கத் தெரியாதவரிடம் கேட்டால் அது கட்டளை.

முழுப் பேருந்துக் கட்டணத்தையும் கொடுத்தேன். "பாதிதானுங்களே முடிச்சேன்?" என்று அவர் தயங்கினார். "வந்ததுக்குத்தான் பாட்டி காசு, முடிச்சதுக்கு இல்லை" என்றேன். சேலை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அவர் திரும்பி வரவில்லை. அந்த இடத்தை நிரப்ப மேலும் இரண்டு வாரம் பிடித்தது. மாணவி நான்கு நாள் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அவர் வருத்தத்திலும் நியாயம் இருந்தது. கல்வி உதவித்தொகை முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் "எப்ப வேணும்னாலும் போகலாம்" என்று தாளில் எழுதிவிட்டு, போகிறவரைத் தடுத்தால், அந்தத் தாளை விசைத்தறி நண்பரிடம் நான் எந்த முகத்தோடு படித்துக் காட்டுவது?

ஆய்வுக்கூட மேலாளர் எதை மேலாண்மை செய்கிறார் என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான். கருவிகளைப் பழுதுபார்க்கப் பொறியாளர் வருவார். கணக்கைத் தணிக்கையாளர் பார்ப்பார். கருத்தைப் பேராசிரியர் பார்ப்பார். ஆனால் உள்ளே வந்தவர் 'சோதிக்கப்படுபவர்' ஆகிவிடாமல் காக்கும் பொறுப்பு மேலாளருடையது. அங்கே சோதனைக்கு உள்ளாவது வந்தவரின் அறிவு அன்று, நம்முடைய கருத்து. அவர் விடை நம் எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தால் தோற்றது அவர் அல்லர்; நாம். இந்த வேறுபாட்டை மறந்த நாளில் ஆய்வுக்கூடம் மற்றொரு தேர்வுக்கூடம் ஆகிவிடும்.

நம் கல்லூரியிலும் இப்போது பல துறைகளில் மாணவர்கள் வினாத்தாள் ஏந்தி ஊர்ப்புறம் செல்கிறார்கள். வட்டார வழக்கு சேகரிக்கிறார்கள். பொருளாதார நிலையைக் கணக்கெடுக்கிறார்கள். அவர்களுக்கு நான் அறிவுரை கூறும் தகுதி உடையவன் அல்லன். பட்டறிவால் ஒன்றே சொல்வேன். கேள்வி கேட்கும்முன், விடை உங்களுக்குத் தெரியாது என்பதை எதிரில் இருப்பவர்க்கு உணர்த்துங்கள். அவர் சொல்லும் சொல் உங்கள் பட்டியலில் இல்லையென்றால் பட்டியலை நீட்டுங்கள். அவர் எழுந்தால் வழிவிடுங்கள். ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவான விண்ணப்பம் ஒன்று உண்டு. வகுப்பறையில் நாள்தோறும் நூறு கேள்விகள் கேட்கிறீர்கள். அவற்றுள் ஒன்றேனும் விடை தெரியாமல் கேட்கும் கேள்வியாக இருக்கட்டும். அன்று கடைசி வரிசை மாணவனும் உங்கள் முகத்தைப் பார்த்து விடை தேட மாட்டான். தனக்குள்ளேயே தேடத் தொடங்குவான்.